பதக்கம் பிறகு வரட்டும், முதலில் விழப் பழக்குவோம்

கிழக்கு மாகாண விளையாட்டுத் திணைக்களத்தினருக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும், வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடும் ஸ்கேட்டிங்கில் போட்டி ஒன்றை நடத்தித் தாருங்கள் என்று கேட்க இந்த மடலை நான் எழுதவில்லை. இப்போதைக்கு நடத்தாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நடத்தினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். பதாகை கட்டுவோம். அதிதிகளை வாசலிலிருந்து மாலை போட்டு அழைத்து வருவோம். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அதன் பிறகு, சொந்தமாக ஸ்கேட் சப்பாத்து வைத்திருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் சூடேறிய சீமெந்துத் தரையில் நாலு சுற்று ஓடுவார்கள். மூன்று பேருக்குப் பதக்கம், மற்றவர்களுக்குச் சான்றிதழ், எல்லோருக்கும் புகைப்படம். அடுத்த வருடம் அவர்களில் இருவர் புலமைப்பரிசில் வகுப்புக்குப் போயிருப்பார்கள். இன்னொருவருக்குக் கால் வளர்ந்து சப்பாத்துப் போதாமல் போயிருக்கும். மூன்றாம் வருடம் போட்டி வைக்க ஆளே இருக்காது. "இவ்விளையாட்டில் மாணவர்களுக்கு ஆர்வமில்லை" என்று கோவையில் ஒரு வரி எழுதி மூடிவிடலாம்.

ஆர்வத்துக்கு இங்கே குறைவில்லை. கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு மாலையில் யாராவது ஒருவர் சில்லுச் சப்பாத்தோடு போகட்டும், பின்னால் எத்தனை பிள்ளைகள் ஓடி வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "அன்ரி, எனக்கும் ஒரு தடவை தாருங்கள்" என்று கேட்காத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. ஓடி வந்த பிள்ளையின் காலளவில் கொடுக்க நம்மிடம் ஒரு சோடி இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலத்தில் சென்னைக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே ஸ்கேட்டிங் பழகினேன், மாவட்ட மட்டத்தில் ஓடினேன். பெரிய வீராங்கனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஊர் திரும்பிய பிறகு, இடம் கிடைக்கிற மாலைகளில் பிள்ளைகளுக்குப் பழக்கி வருகிறேன். இடம் கிடைக்காத மாலைகளே அதிகம்.

இங்கே முன்பும் பிள்ளைகள் ஸ்கேட் ஓடினார்கள். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்த பெட்டிகளில் சொக்லேட்டோடும் பால்மாவோடும் சில சோடி ஸ்கேட்டும் வந்தன. வந்தவை வசதியுள்ள வீடுகளுக்கு வந்தன. அந்தப் பிள்ளைகள் வீட்டு முற்றத்திலும் ஒழுங்கையிலும் தாங்களாகவே பழகினார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்து நின்றால், "உனக்கு ஓடத் தெரியுமா?" என்பதே முதற் கேள்வியாக இருந்தது. தெரியாது என்றால் மதில் ஓரமாக நின்று பார்க்கலாம். அப்படி மதில் ஓரம் நின்ற பிள்ளைகள் இரண்டாம் நாள் வரவில்லை. ஓடத் தெரிந்தவர்களோ வளர்ந்து, பரீட்சை எழுதி, வெளிநாடு போய்விட்டார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. யாரும் இதை அழிக்கவில்லை. கீழிருந்து ஆள் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியூர் விளையாட்டு நம் மண்ணில் பிடிக்காது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 1891 இல் அமெரிக்காவில் ஓர் ஆசிரியர் பழக்கூடையை மாட்டித் தொடங்கிய விளையாட்டுத்தான் கூடைப்பந்தாட்டம். மட்டக்களப்பில் அது எப்படி வேரூன்றியது என்பதை நம் ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் சின்னப் பையன்களின் கையில் பந்தைக் கொடுத்தார்கள். அருட்தந்தை ஹரல்ட் வெபரின் பெயரில் இன்றும் மைதானம் நிற்கிறது. 1990 ஆகஸ்டில் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் கூடைப்பந்துப் பயிற்றுநராக எத்தனை பேருடைய நினைவில் இருக்கிறார்! "நன்றாக ஆடுகிறவர்கள் மட்டும் வாருங்கள்" என்று அவர்கள் சொல்லியிருந்தால், அன்று மட்டக்களப்பில் யார் வந்திருப்பார்கள்?

ஸ்கேட்டிங் பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்பது இன்னொரு எண்ணம். வேக ஸ்கேட்டிங்கில் உலகத்தை ஆள்கிற நாடு கொலம்பியா. பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போரில் வதைபட்ட நாடு அது. உலகப் போட்டிகளில் வருடத்துக்கு வருடம் பதக்கப் பட்டியலின் உச்சியில் நிற்கிறது. அங்கே ஊருக்கு ஊர் ஸ்கேட்டிங் பள்ளிகள் இருக்கின்றன. நாலைந்து வயதிலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அடியில் அத்தனை பிள்ளைகள் இருப்பதால்தான் உச்சியில் சிலர் வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஒக்டோபர் 2 ஆம் திகதி, ஹாங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கான 3,000 மீற்றர் ஸ்கேட் அஞ்சலோட்டம் நடந்தது. தென்கொரிய வீரர் வென்றுவிட்டோம் என்று கோட்டுக்குச் சற்று முன்பே இரு கைகளையும் உயர்த்திவிட்டார். பின்னால் வந்த தாய்வான் வீரர் கடைசி நொடியில் காலை நீட்டினார். 0.01 செக்கனில் தங்கம் கைமாறியது. இந்தக் காணொளியை என் பிள்ளைகளுக்கு அடிக்கடி காட்டுவேன். கை தூக்கியவரைப் பார்த்து அவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் காட்டுவதற்குக் காரணம் வேறு. அந்த ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த இந்திய அணியில் ஒருவர் ஆனந்த்குமார் வேல்குமார், சென்னைப் பையன். அதே நாளில் வெண்கலம் வென்ற பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார்கள். அவர்களும் தமிழ்நாட்டவர்கள். ஆனந்த்குமார் 2025 செப்டெம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1,000 மீற்றரில் உலக சாம்பியன் ஆனார். அதே போட்டியில் 42 கிலோமீற்றர் மரதனையும் வென்றார். நம்மைப் போலவே வெயிலிலும் வியர்வையிலும் வளர்ந்தவர்கள். அங்கே மாவட்டப் போட்டியிலேயே நான்கு மூலைச் சில்லு ஸ்கேட்டுக்குத் தனிப் பிரிவு, ஒற்றை வரிசைச் சில்லு ஸ்கேட்டுக்குத் தனிப் பிரிவு, அதற்குள்ளும் வயது வாரியாகப் பிரிவு என்று வைத்திருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அங்கே ஒரு வரிசை உண்டு.

செத்துப்போன ஒரு ஸ்கேட்டிங் போட்டி, தொடக்கக்காரர்களாலேயே உயிர் பெற்ற கதையும் ஒன்று உண்டு. ரோலர் டேர்பி என்று 1935 இல் சிக்காகோவில் தொடங்கிய போட்டி, சாய்தளத்தில் ஒருவரையொருவர் இடித்து முந்தும் விளையாட்டு. எழுபதுகளில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஒஸ்ரின் நகரில் சில பெண்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள். அவர்களில் பலருக்கு ஒழுங்காக ஸ்கேட் ஓடவே தெரியாது. பின்னர் ஊர் ஊராகக் கழகங்கள் எழுந்தபோதும் இதே வழிதான். வாழ்நாளில் ஸ்கேட் போடாத பெண்களைச் சேர்த்து, நிற்கவும் விழவும் நிறுத்தவும் பழக்கி, பிறகே களத்தில் விட்டார்கள். சாய்தளம் கட்டக் காசில்லை என்றதும் தட்டையான தரையிலேயே விளையாடும்படி விதிகளை மாற்றினார்கள். கயிற்றை வட்டமாகப் போட்டு அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டினால் களம் தயார், முடிந்ததும் உரித்துக்கொண்டு போகலாம். நம் பிள்ளைகளை இடித்து விளையாடச் சொல்லவில்லை, பெற்றார் பயப்பட வேண்டாம். அந்தக் கயிற்றையும் ஒட்டுநாடாவையும் கவனியுங்கள் என்கிறேன்.

அதற்கு முதலில் ஒரு தரை வேண்டும்.

நான் கேட்பது 200 மீற்றர் சாய்வளைவுத் தடம் இல்லை. சர்வதேசப் போட்டிக்கு அது வேண்டும், நமக்கு இப்போது வேண்டாம். ஒரு கூடைப்பந்துத் திடல் போதும். 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். ஓரத்திலிருந்து மூன்று மீற்றர் உள்ளே தள்ளி நான்கு கூம்புகளை வைத்தால் ஒரு சுற்று ஏறத்தாழ 60 மீற்றர் வரும். தொடக்கப் பிள்ளைக்கு அது தாராளம். வலைப்பந்துத் திடலும் ஏறக்குறைய அதே அளவுதான். நம் இரு மாவட்டங்களிலும் பாடசாலைகளில் இப்படிச் சீமெந்துத் திடல்கள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆடு படுத்திருக்கும்.

கேட்டால் கிடைக்கிற பதிலைச் சொல்கிறேன். ஒரு பொது மண்டபத்தைக் கேட்டுப் போனேன். எந்த மண்டபம் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் கதை வேறு பக்கம் போய்விடும். பொறுப்பாளர் மரியாதையாகவே பேசினார். "தரை கீறிவிடும், மன்னிக்க வேண்டும்" என்றார். ஒரு ஸ்கேட்டை எடுத்து அவருடைய மேசைக்கு அருகிலேயே ரைல்ஸில் நன்றாக அழுத்தி இழுத்துக் காட்டினேன். சில்லு பொலியூரித்தேனால் ஆனது, கீறாது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குதிகாலில் இருக்கும் பிறேக் கட்டையை இழுத்தேன். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவருடைய முகம் மாறியது. ஈரத்துணியால் துடைத்தேன், கோடு போய்விட்டது. அந்தக் கட்டையைக் கழற்றிவிட்டு, கட்டை இல்லாமலே நிறுத்தப் பழக்கலாம் என்றும் சொன்னேன். "நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றார். மேலிடம் இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மேலிடம் உங்களில் ஒருவராக இருக்கக்கூடும் என்பதால்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன். பளபளப்பான மரத்தளத்துக்கு அவர் பயந்தால் அது நியாயம். சில்லில் ஒட்டிய மணலும், விழும்போது உரசும் ஆணித் தலையும் மரத்தைக் கெடுக்கும். சீமெந்துக்கும் ரைல்ஸுக்கும் பயப்படத் தேவையில்லை, உள்ளே வருமுன் சில்லைத் துடைக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும்.

மண்டபம் ஏன் வேண்டும் என்பதற்கு நம் காலநிலையே பதில். கார்த்திகை தொடங்கித் தை வரை மழை. நனைந்த சீமெந்தில் ஸ்கேட் ஓடுவது வீம்பு, சில்லு பிடிக்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயில் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடிக்கும், கடற்கரையை அண்டிய திடல்களில் மணலும் படியும். ஆகவே வறண்ட மாதங்களில் காலை ஆறு மணிக்கு அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு திடலில், மழை மாதங்களில் மண்டபத்தில் என்று வைத்துக்கொண்டால்தான் வருடம் முழுக்க வகுப்பு நடக்கும். நடுவில் மூன்று மாதம் விட்டால் பாதிப் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும் ஊரில் ஒரு மின்விளக்கும் தேவை.

வீதியில் ஓடட்டும் என்று விட்டுவிட முடியாது. காபெற் போட்ட வீதியைக் கண்டால் பையன்களுக்குக் கால் நிற்காது என்பது உண்மை. ஏ4 வீதியில் முச்சக்கர வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்கேட்டில் போன ஒரு பையனைப் பார்த்து என் வயிறு கலங்கியது. அவனைத் திட்டினேன். திட்டிய பிறகு, வேறு எங்கே போய் ஓடு என்று சொல்வது என்று யோசித்தேன், இடம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்தது சப்பாத்து. நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பது போல ஸ்கேட்டையும் இரவல் கொடுக்க வேண்டும். இந்த மடலில் ஒரே ஒரு வேண்டுகோளைத்தான் ஏற்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். பிள்ளையின் கால் நிற்காமல் வளரும். ஒரு மீன்பிடிக் குடும்பமோ கூலித்தொழில் செய்யும் வீடோ ஒவ்வொரு வருடமும் புதுச் சோடி வாங்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோடிகள் இருக்கின்றன. ஒரே சோடி நாலைந்து அளவுகளுக்குப் பொருந்தும். அப்படி இருபது சோடி, அதோடு தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் ஒரு பிரதேச செயலகத்தின் விளையாட்டுப் பிரிவில் இருந்தால், மாலைக்கு இரண்டு வகுப்பாக நாற்பது பிள்ளைகள் பழகலாம். ஒரு பெரிய போட்டியின் மேடைச் செலவையும் கேடயச் செலவையும் கூட்டிப் பாருங்கள், எதற்குச் செலவழிக்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு சொல். வெற்றிக் கேடயம் அனுப்புவதாக அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன ஸ்கேட்டுகளை அனுப்புங்கள். இங்கும் எத்தனையோ வீடுகளில் அலுமாரியின் மேல் ஒரு சோடி தூசி பிடித்துக் கிடக்கிறது. ஆனால் எதையும் பார்த்து எடுக்க வேண்டும். வருடக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த சப்பாத்தின் பிளாஸ்டிக்கும் சில்லும் நம் ஈரக்காற்றில் உக்கியிருக்கும், கையால் அழுத்தினாலே உதிரும். இன்னொன்று, பெரிய சில்லு வந்துவிட்டதே என்று மகிழக் கூடாது. 110 மில்லிமீற்றர் சில்லு நான்கு அல்லது 125 மில்லிமீற்றர் சில்லு மூன்று பூட்டிய சப்பாத்துப் போட்டி வீரர்களுக்கானது. பழகாத பிள்ளையை அதில் ஏற்றினால் நேரே ஆஸ்பத்திரிதான். பழகுவதற்கு 70 அல்லது 80 மில்லிமீற்றர் போதும். மிகச் சிறியவர்களுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சில்லுள்ள பழைய மாதிரி இன்னும் நல்லது, நிற்பது எளிது.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. சில்லுக்குள் இருப்பது 608 என்ற எண்ணுள்ள சாதாரண பெயாரிங். மணல்தான் அதன் எமன். நம் கரையோரத்தில் ஒரு மாதத்தில் சில்லு கரகரவென்று முனகத் தொடங்கும். கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்ட வேண்டும். சில்லின் உட்புறம் வேகமாகத் தேயும் என்பதால் இடது வலமாக மாற்றிப் பூட்டவும் வேண்டும். பத்து வயதுப் பையன்கள் இதை என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள். பெயாரிங் வண்டி செய்து ஒழுங்கையில் ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே!

இனி, கற்றுக்கொடுப்பது. முதல் வகுப்பில் ஓடப் பழக்கக் கூடாது, விழப் பழக்க வேண்டும். சப்பாத்துப் போடுமுன், காப்புகளை மட்டும் கட்டிக்கொண்டு புல்லில் விழச் சொல்வேன். முழங்காலை மடித்து, முன்பக்கமாக, முழங்கால் காப்பின் மேல் இறங்கி, பிறகு கையை வைக்க வேண்டும். விரல்கள் மேல் நோக்கி இருக்க வேண்டும். ஸ்கேட்டில் அதிகம் முறிவது மணிக்கட்டு. பின்பக்கம் விழும்போது கையை ஊன்றுவதும் அதற்கு ஒரு காரணம். அதனால் இடுப்பை நிமிர்த்தி நிற்கிற பிள்ளையை விடமாட்டேன். முழங்காலை மடித்துக் கீழே பார்த்தால், முழங்கால் பெருவிரலை மறைக்க வேண்டும். அதுவரை மடிக்கச் சொல்வேன். பிறகு எழும்பப் பழக்கம். ஒரு முழங்காலில் நின்று, மற்றக் காலை முன்னால் ஊன்றி, இரண்டு கைகளையும் அந்த முழங்காலின் மேல் வைத்து எழும்ப வேண்டும். யாரும் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தாய்மாருக்கு இதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய பயிற்சி.

அதன் பிறகு குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை விரித்துக் குறுநடை. பிறகு நிறுத்துவது. வேகத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கொடுப்பேன். 1760 களில் லண்டனில் ஜோன் ஜோசப் மேர்லின் என்பவர் சில்லுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வயலினும் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் நுழைந்தார் என்றும், நிறுத்தத் தெரியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் மோதி அதை உடைத்துத் தானும் காயப்பட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். இந்த விளையாட்டின் வரலாறே நிறுத்தத் தெரியாத ஒருவரோடு தொடங்குகிறது. பிள்ளைகள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

யார் கற்றுக்கொடுப்பது? வெளியிலிருந்து பெரிய பயிற்றுநரைக் கொண்டுவந்து ஹோட்டலில் தங்கவைத்து மூன்று நாள் செயலமர்வு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சான்றிதழ் மிஞ்சும். இரு மாவட்டங்களிலும் உள்ள உடற்கல்வி ஆசிரியர்களிலும், பாடசாலை முடித்து வீட்டில் இருக்கும் இளைஞர் யுவதிகளிலும் சிலரைத் தெரிந்தெடுங்கள். அவர்களுக்கு ஸ்கேட் தெரிந்திருக்கத் தேவையில்லை, பொறுமை தெரிந்திருந்தால் போதும். வாரம் இரண்டு மாலையாக ஒரு பருவம் பழகினால், தொடக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிடுவார்கள். தானே அண்மையில் பழகியவருக்குத்தான் பிள்ளை எங்கே பயப்படுகிறது என்பது தெரியும். அவர்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவு வேண்டும். சேவை மனப்பான்மை என்று சொல்லி இளைஞர்களின் பஸ் காசையும் நாம் விழுங்கிவிடக் கூடாது.

இவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நினைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளைப் பெண்ணொருவர் பழக்குகிறார் என்றால் வீட்டில் அனுப்புவார்கள். மூடிய மண்டபம் என்றால் இன்னும் நிம்மதியாக அனுப்புவார்கள். உடலோடு ஒட்டிய போட்டி உடை தொடக்கப் பிள்ளைக்கு எந்த விதத்திலும் தேவையில்லை. நீளக் காற்சட்டை முழங்காலுக்கு நல்லது, தலைக்கவசத்துக்குள் முக்காட்டை இறுக்கிக் கட்டினால் போதும், தொங்கும் முனை மட்டும் இருக்கக் கூடாது. தமிழ்ப் பெற்றாரும் இந்த விடயத்தில் வேறில்லை. "பெட்டைப் பிள்ளை காலை முறித்துக்கொண்டால் யார் கட்டுவான்?" என்று என்னிடம் கேட்டவர் கல்முனைக்காரரும் இல்லை, காத்தான்குடிக்காரரும் இல்லை. என் பக்கத்துத் தெருக்காரர். அறுகம்பையில் 2018 இல் உள்ளூர்ப் பெண்கள் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். கடலுக்குள் போகலாம் என்றால் கூடைப்பந்துத் திடலுக்குள் வர முடியாதா?

எந்த வயதில் சேர்ப்பது என்பதில் வலயக் கல்விப் பணிப்பாளர்களின் உதவி வேண்டும். தரம் 2, தரம் 3 இல் சேர்க்க வேண்டும். தரம் 4 வந்தால் புலமைப்பரிசில் பேய் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, பிள்ளையின் மாலைகள் எல்லாம் வகுப்புக்குப் போய்விடுகின்றன. அந்த இரண்டு வருடமும் வாரத்தில் ஒரு நாளாவது, சனிக்கிழமை காலையாவது விடுங்கள் என்று பெற்றாரிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். தரம் 6 இரண்டாவது வாசல். பரீட்சை முடிந்து, புதுப் பாடசாலைக்கு வந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் அங்கே நிறைய இருக்கிறார்கள். வளர்ந்தவர்களையும் தள்ளிவிடாதீர்கள். பிள்ளையைக் கூட்டிவந்து வாசலில் தொலைபேசியைத் தட்டிக்கொண்டு நிற்கும் தகப்பனுக்கும் ஒரு சோடி கொடுங்கள். அவர் விழுந்தெழும்பினால் பிள்ளையின் வகுப்பை அவர் நிறுத்தமாட்டார்.

நான் போட்டிக்கு எதிரி இல்லை. ஓடியவள், தோற்றவள், சில தடவை வென்றவள். போட்டி இல்லாமல் பிள்ளைகள் வளரவும் மாட்டார்கள். நூறு பிள்ளைகள் நிற்கவும் நிறுத்தவும் பழகிய பிறகு போட்டி வையுங்கள். அப்போதும் முதற் போட்டி தொடக்கக்காரர்களுக்கு மட்டுமே இருக்கட்டும். இரவல் ஸ்கேட்டில் ஓடுபவர்களுக்குத் தனிப் பிரிவு, சொந்த ஸ்கேட்டில் ஓடுபவர்களுக்குத் தனிப் பிரிவு. நாலு சுற்றுக்கு நேரம் எடுங்கள். அடுத்த பருவத்தில் அதே பிள்ளையின் நேரத்தை அதே பிள்ளையின் பழைய நேரத்தோடு ஒப்பிடுங்கள். பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு ஸ்கேட் அஞ்சலோட்டத்தைச் சேர்த்தால் கூட்டம் எப்படிக் கத்தும் என்று பாருங்கள். இல்ல நிறத்தில் ஒரு பட்டி கட்டினால் பிள்ளை விழுந்தாலும் எழும்பி ஓடும். அதன் பிறகு கழகங்களைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், மாவட்டங்களுக்கிடையே மோதலாம், தேசிய மட்டத்தை எட்டிப் பார்க்கலாம்.

உங்கள் அலுவலகங்களில் எந்த வேண்டுகோளோடு போனாலும், "இதற்கு எந்த மட்டத்தில் பெறுபேறு இருக்கிறது?" என்பதே முதற் கேள்வியாக வருகிறது. உங்களையும் மேலே யாரோ அதே கேள்வியைக் கேட்பதால்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இந்த விளையாட்டுக்கு மட்டும் இரண்டு வருடங்களுக்கு வேறு கணக்கு வையுங்கள். தைமாதம் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், ஆடி மாதம் அவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் இரவல் சோடியில் பழகுகிறார்கள். இந்த நான்கு எண்களைக் கேளுங்கள். பதக்க எண்ணிக்கையைப் போலவே இவற்றையும் அறிக்கையில் எழுதலாம், தாளில் இடம் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு திடலும் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு திடலும் வாரம் இரண்டு மாலைகளுக்குத் திறந்து தாருங்கள். மழை மாதங்களுக்கு ஒவ்வொரு மண்டபம். ஒவ்வோர் இடத்துக்கும் இருபது சோடி, காப்புகளோடு. பழக்க விரும்பும் ஆசிரியர்களின் பெயர்களை வலய அலுவலகங்கள் ஊடாகக் கேட்டு வாங்குங்கள். முதற் பருவத்துக்கு அவர்களைப் பழக்க நான் ஊதியம் இல்லாமல் வருகிறேன், அக்கரைப்பற்று என்றாலும் பஸ்ஸில் வருவேன். என்னிடம் இருக்கும் சோடிகளையும் பொதுவில் சேர்க்கிறேன்.

மழை விட்டதும் தொடங்குவதானால், மாசியில் திடல்கள் காய்ந்திருக்கும். அதற்குள் சப்பாத்து அளவெடுக்க ஒரு நாள் வேண்டும். பாடசாலைகள் சம்மதித்தால் நானே வந்து பிள்ளைகளின் காலை அளந்து பட்டியல் தருகிறேன். எந்த அளவில் எத்தனை சோடி வாங்குவது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். தயவுசெய்து அதற்கு முன் ஒரு சோடியும் வாங்கிவிடாதீர்கள்.

நன்றி.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு ஸ்கேட்டிங் பயிற்றுநர்